பஸ்ரா பெரியப்பாவுக்கு வேட்டு

பெரியப்பா இறந்த அன்று நான் அழவில்லை. அழ எங்கே நேரம் இருந்தது? விடிந்ததும் விடியாததுமாக மாமா வில்வண்டியைப் பூட்டிக்கொண்டு ஆய்க்குடிக்குக் கிளம்பினார். வேட்டுக்காரரை அழைத்து வரப் போகிறார் என்று தெரிந்ததும் நானும் ஏறிக்கொண்டேன். எனக்குப் பத்து வயது. வேட்டு மருந்தை மூட்டையோடு பார்க்கிற வாய்ப்பு எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருத்திக்கும் கிடைத்ததில்லை.

பெரியப்பா லேசுப்பட்ட ஆள் இல்லை. முதல் உலக யுத்தத்தில் கடல் கடந்து பஸ்ரா வரை போய், ஹவில்தாராகத் தென்காசிக்குத் திரும்பியவர். அவரைக் கேட்காமல் எங்கள் தெருக்காரர்கள் வயலுக்கு மடை திறந்ததில்லை, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்ததில்லை. பேதி பரவிய வருஷம் கிணற்றடியில் தடியோடு நின்றுகொண்டு, கொதிக்க வைக்காத தண்ணீர் ஒருவர் வாயிலும் படாமல் பார்த்துக்கொண்டார். தெருவே அவரைத் திட்டியது, தெருவே பிழைத்தது. பெண்பிள்ளையைப் படிக்க அனுப்பாத வீட்டு வாசலில் போய் நின்று, “பிள்ளை கிளம்பட்டும், நான் நிக்கேன்” என்பார். ஒரு ஹவில்தாரை எவ்வளவு நேரம்தான் வெயிலில் நிறுத்தி வைப்பது? அவருடைய சொந்தத் தம்பியான எங்கள் அப்பாவின் வாசலிலும் அப்படித்தான் நின்றார். மறுநாள் நான் சிலேட்டோடு கிளம்பினேன்.

மாமா அம்மாவின் தம்பி. கதர்க்காரர், சிறைக்கும் போய் வந்தவர். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்தவர் என்று பெரியப்பாவைச் சீண்டாமல் அவருக்கு ஒரு நாள் போகாது. அந்த மாமாதான் வண்டியில் சொல்லிக்கொண்டே வந்தார்: “பட்டாளத்துலன்னா துப்பாக்கி சுட்டு அனுப்புவான். நமக்குத் துப்பாக்கிக்கு எங்க போக? வேட்டுப் போட்டு அனுப்புவோம். குத்தாலத்துல குளிக்கிறவனுக்கும் கேக்கணும்.” எனக்கு அப்போதே காதுக்குள் வேட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.

ஆனி மாதச் சாரல். திரும்பி வரும்போது வண்டிக் கூண்டுக்குள்ளும் தூவானம் அடித்தது. மாமா தன் கதர்த் துண்டை மருந்து மூட்டையின் மேல் போர்த்தினார். அது போதாது என்று எனக்குத் தோன்றியது.

“ஏட்டி, மூட்டை மேல உக்காராத,” என்றார் வேட்டுக்காரர்.

“நனையாம இருக்கத்தான் உக்காந்திருக்கேன்.”

“நீயே தொப்பமா நனைஞ்சிருக்க. அது தெரியலயா?”

வீட்டுக்கு வந்தபோது தெரு கொள்ளாத கூட்டம். பெரியப்பாவை முற்றத்தில் கிடத்தி, காக்கிக் கோட்டும் பதக்கங்களும் அணிவித்திருந்தார்கள். பெண்கள் தெருமுனையைத் தாண்டிப் போகக் கூடாது என்பதால் வேட்டுகளை வாசலிலேயே போடுவது என்று வழியெல்லாம் பேசி மாமாவைச் சம்மதிக்க வைத்திருந்தேன். இரும்புக் குழாய்களை இறக்குகிற சத்தம் கேட்டு, பெரியப்பாவின் தலைமாட்டில் இருந்த பெரியம்மா நிமிர்ந்தாள்.

“யாரு வேட்டுக்குச் சொன்னது?”

“நான்தான் அக்கா,” என்றார் மாமா.

“வேண்டாம் தம்பி. அவுகளுக்குச் சத்தம் ஆகாது.”

சாவு வீட்டிலும் இரண்டொருவர் சிரித்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர், “என்ன மதினி, பீரங்கிக்கு நடுவுல நின்ன மனுசன். அவருக்கா சத்தம் ஆகாது?” என்றார்.

“அம்மன் கோயில் கொடைக்கு வேட்டுப் போடுத அன்னைக்கு எந்த வருசமாவது அவுகள ஊருல பாத்திருக்கியளா? குத்தாலத்துக்குப் போயி, பொழுது சாயுத வரைக்கும் அருவிக்குள்ள தலையக் குடுத்துட்டு நிப்பாக.”

“அது குளியல் கிறுக்குல்லா,” என்றார் அவர்.

அப்பா மெதுவாகச் சொன்னார்: “மதினி, ஊரே வந்திருக்கு. சத்தமில்லாம அனுப்புனா அண்ணனுக்குல்லா குறைச்சல்.”

பெரியம்மா பெரியப்பாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமா மட்டும் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். அவ்வளவு தூரம் போய், அவ்வளவு நனைந்து, கடைசியில் வேட்டு இல்லையென்றால்? “மாமா, மருந்து நனையுததுக்குள்ள போட்ருவோம்,” என்று அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். பெரியம்மா திரும்பிக்கொண்டதைச் சம்மதம் என்று அவரும் எடுத்துக்கொண்டார்.

வாசலில் குழாய்களை வரிசையாகப் புதைத்து மருந்தைக் கெட்டித்தார்கள். முதல் வேட்டு புஸ்ஸென்று புகைந்து அடங்கியது. கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். பெரியப்பாவின் மானமே போய்விட்டது என்று நினைத்தேன். வேட்டுக்காரர் பதறாமல் அடுத்த குழாய்க்கு நகர்ந்து திரியைப் பற்றவைத்தார்.

தெரு ஒரு குலுங்கு குலுங்கியது. கூரையில் ஓடுகள் கடகடத்தன. வண்டி மாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மலையில் மோதிய சத்தம் திரும்பி வருவதற்குள் அடுத்தது வெடித்தது. நான் குதித்தேன், கூடவே கத்தினேன். மாமா புகைக்கு நடுவில் விறைப்பாக நின்று, எந்தப் பட்டாளத்தைத் திட்டித் தீர்த்தாரோ அந்தப் பட்டாளத்து முறையில் சலாம் வைத்தார், இடது கையால். இதைப் பெரியம்மாவிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே ஓடினேன்.

பெரியம்மா பெரியப்பாவின் மேல் குனிந்திருந்தாள். அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் அவர் காதுகளைப் பொத்தியிருந்தன. ஒவ்வொரு வேட்டுக்கும் விரல்கள் இன்னும் இறுகின. “முடிஞ்சிரும், இந்தா முடிஞ்சிரும்,” என்று அவர் முகத்துக்கு அருகில் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி வேட்டு ஓய்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை. தூக்க வந்தவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள்.

சாயங்காலம் தலை துவட்டிவிட்ட அம்மாவிடம், காதைப் பொத்துகிற சடங்கை எல்லாச் சாவு வீட்டிலும் செய்வார்களா, பட்டாளத்துக்காரர்களுக்கு மட்டும்தானா என்று கேட்டேன். துவட்டிக்கொண்டிருந்த கை நின்றது. அம்மாவுக்கும் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மாடு அறுத்துக்கொண்டு ஓடிய கதையைச் சொல்ல அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.