கையில் வாங்கிய கத்தி

நோர்வேயில், மோர்டென்ஸ்ருட் பகுதியில் உள்ள வீட்டில் நான் தனியாகிச் சில வருடங்கள். எப்போதும் ஜாக்கெட் பையில் கிடக்க ஒரு மடக்குக் கத்தி வாங்கலாமென்று ட்வெய்ட்டாவில் ஒரு கடைக்குப் போனேன். அதன் பாகங்களை நம் தேவைக்கேற்பக் கழற்றிப் பூட்டலாம். கத்தரிக்கோலும் ஸ்குரூ டிரைவரும் பூட்டச் சொன்னேன். போத்தல் திறப்பான் வேண்டாமென்றேன். வீட்டுக்கு யாரும் வருவதில்லை.

அதுவரை நோர்வேஜிய மொழியில் பேசிய விற்பனைப் பெண், நான் கை நீட்டியும் கத்தியை மேசையில்தான் வைத்தாள்.

“தமிழோ, பிள்ளை?”

“ஓம் அங்கிள். கத்தியைக் கையிலை குடுத்தால் சண்டை வருமெண்டு அம்மா சொல்லுறவா.”

“பரவாயில்லை, கையிலையே தாங்கோ. சண்டை பிடிக்கவாவது ஒரு ஆள் வேணும்.”

பகிடியாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கத்தியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

அந்தச் சண்டையை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.