நகல் 4471

டோக்கன் அக்கா டோக்கன் கொடுப்பதை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. ஆனாலும் மருத்துவமனையில் ஒருவரும் அந்தப் பெயரை விடுவதாக இல்லை. பன்னிரண்டு வருஷம் வரவேற்பு மேசையில் சீட்டுக் கிழித்தவர், எக்ஸ்ரே படங்களைச் சேமிக்கும் கணினி அறைக்கு வந்தது சிபாரிசில் அல்ல. சாப்பாட்டு வேளைகளில் அங்கே போய் உட்கார்ந்து, கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தானாகவே கற்றுக்கொண்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே!

ஒரு திங்கட்கிழமை காலை சேமிப்பு வட்டு நிரம்பிவிட்டது. புதுப் படம் எதுவும் பதிவாகவில்லை. கை முறிந்தவரும் இருமுகிறவருமாக வராந்தா நிறைந்துகொண்டே வந்தது. பழைய எக்ஸ்ரே இயந்திரம் ஒவ்வொரு படத்துக்கும் மங்கலாக ஒரு நகல் எடுத்துக் குவித்திருந்தது. நாற்பதாயிரம் நகல்களையும் அழித்தாக வேண்டும்.

புது மேலாளர் வந்தார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல் பறக்கிற ஆள்.

"நகல் பேரையெல்லாம் தேடி எடுத்து, அந்தப் பட்டியல அப்படியே குழாய்க் குறி போட்டு அழிக்கிற கட்டளைக்குத் தள்ளுங்க."

"அது குழாயில வர்றத ஏறெடுத்தும் பார்க்காது சார். பேரைப் பக்கத்துல எழுதித் தரணும். அப்படி எடுத்துக் கொடுக்க நடுவுல எக்ஸ்ஆர்க்ஸ்னு இன்னொரு கட்டளை போடணும்."

"சரி, போட்டு ஓட விடுங்க."

"முதல்ல எக்கோ போட்டுப் பார்த்துடறேன்."

அழிக்கும் கட்டளைக்குப் பதிலாக எக்கோ என்று அடித்தால் எதுவும் அழியாது; அழியப்போகிற பெயர்கள் மட்டும் திரையில் வரும். மேலாளருக்குப் பொறுமை போய்விட்டது.

"பன்னிரண்டு மணிக்குள்ள முடியலேன்னா வெளியிலேர்ந்து ஆளக் கூப்பிடுவேன். நீங்க பழைய மேசைக்கே போயிடலாம்."

இந்த அறையை இழந்தால் அக்கா தாங்கமாட்டார். ஆனாலும் எக்கோவைத்தான் அடித்தார், வரிக்கு ஒரு பெயராக.

நகல். 4471. நகல். 4472.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். நகலின் பெயர் 'நகல் 4471'. அசல் படத்தின் பெயர் வெறும் '4471'. நடுவில் இடைவெளி இருந்ததால் எக்ஸ்ஆர்க்ஸ் ஒரு பெயரை இரண்டாகப் பிய்த்துவிட்டது. 'நகல்' என்று ஒரு கோப்பே கிடையாது, '4471' இருக்கிறது.

"அழிச்சிருந்தா மங்கல் நகல் எல்லாம் பத்திரமா இருந்திருக்கும் சார். அசல் அத்தனையும் போயிருக்கும்."

மேலாளர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இடைவெளியில் பிரிக்காமல், ஒவ்வொரு பெயரின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி வைத்து அனுப்பும்படி கட்டளையை மாற்றினார் அக்கா. மறுபடி எக்கோ. இந்த முறை 'நகல் 4471' முழுசாக வந்தது. அதற்குப் பிறகுதான் அழித்தார். வட்டில் பாதி காலியானது. பதினொன்றே காலுக்கு முதல் கை படமாகி உள்ளே வந்து சேர்ந்தது.

தலைமை மருத்துவர் கோபமாக நுழைந்தார். "காலையிலேர்ந்து என்னதான் நடக்குது இங்க?"

மேலாளர் நல்ல மனுஷர்தான்; நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

"அப்போ இந்த அறையில இனிமே யார் பேச்ச யார் கேக்கணும்?"

"அக்கா பேச்ச நான் கேக்கணும், டாக்டர்."

அக்கா அடக்கமாகத் தலையைக் குனியவெல்லாம் இல்லை. வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.