ஓட்டைக் கூடை ஆலமரம்

பன்னிரண்டு வயதில் எனக்குச் சொந்தமாக ஓர் ஆலமரம் இருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதைத் தூக்கி அடுத்த ஊர்க்காரர்களிடம் கொடுத்துவிட்டார்கள். விஷயம் அவ்வளவுதான். ஆனால் இதைச் சொல்ல ஆரம்பித்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. ஒரு செடிக்கா இத்தனை கோபம் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. அவர்கள் எதையும் வளர்த்திருக்க மாட்டார்கள்.

இராஜபாளையத்தில் அத்தாவுக்குப் பிளாஸ்டிக் சாமான் கடை. குடம், வாளி, முறம், டப்பா எல்லாம் தெருவரைக்கும் தொங்கும். லோடு இறக்கும்போது விளிம்பு உடைந்துபோனவற்றை அத்தா வீட்டுக்குக் கொண்டுவந்து மாடிப்படிக்குக் கீழே எறிவார். அவற்றில் பாதிக்கு மேல் காய்கறி அலசுகிற ஓட்டைக் கூடைகள். கடையிலேயே மலிவான சரக்கு அதுதான். உடைந்தாலும் யாருக்கும் வருத்தம் கிடையாது.

அக்காவின் போனில் ஒருநாள் ஒரு வீடியோ பார்த்தேன். எந்த நாடோ, என்ன பாஷையோ தெரியாது. ஓர் ஆள் அப்படிப்பட்ட ஒரு கூடையில்தான் ஒரு சாண் மரத்தை நட்டுக்கொண்டிருந்தான். அவன் பேசியது புரியவில்லை, கை செய்தது புரிந்தது. மீதியை நானே தெரிந்துகொண்டேன். தொட்டியில் வைத்தால் வேர் சுவரில் முட்டிச் சுருண்டு சுருண்டு சிக்காகிவிடும். ஓட்டைக் கூடையில் வேர் வெளியே தலைநீட்டும், காற்றுப் பட்டதும் நுனி காய்ந்து நின்றுவிடும். உடனே அதற்குப் பின்னாலிருந்து நூல் நூலாகப் புது வேர்கள் கிளம்பும். மேலே மரம் குட்டையாகவே நின்று தண்டு பருக்கும்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பேண்டேஜ் கம்பெனியின் பழைய சுவர் இருந்தது. அதன் விரிசலில் முளைத்திருந்த ஆலங்கன்றை வேர் அறாமல் பிடுங்குவதற்கு எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. விளிம்பு பிளந்த நீலக் கூடை ஒன்றை எடுத்து, பிளவைச் செம்புக் கம்பியால் தைத்தேன். மண் வழியாமலிருக்கக் கம்பெனியில் வெட்டி எறிந்த பேண்டேஜ் துண்டை அடியில் விரித்தேன். செங்கலை உடைத்துச் சலித்து, அடுப்புக்கரி கலந்து நிரப்பினேன். முன்னால் வைத்த வேம்பும் புளியும் செத்துப்போயிருந்தன. ஆல் சாகவில்லை.

ஓட்டைக் கூடையில் தண்ணீர் நிற்காது. அதனால் மூன்று வேளையும் ஊற்ற வேண்டும். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிவருவேன். முதலில் மாடிக்குப் போய் மரத்துக்குத் தண்ணீர், அப்புறம்தான் எனக்குச் சோறு. இரண்டு வருஷம் அப்படி ஓடினேன். தண்டு என் கட்டைவிரல் பருமனுக்கு வந்தது. எட்டி நின்று பார்த்தால் கண்மாய்க்கரையில் நிற்கிற பெரிய ஆலமரத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பதுபோல இருக்கும். அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்காது. மாடியெல்லாம் செங்கல்பொடி என்று தினமும் திட்டுவாள்.

அந்த அம்மாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மரத்தைத் தானே கீழே தூக்கிவந்து டிவி பக்கத்தில் வைத்தாள். அக்காவைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிறார்கள், முன்னறை பார்க்க லட்சணமாக இருக்க வேண்டுமாம்.

பால்கோவாவும் பழமுமாக வந்தார்கள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பேசியதெல்லாம் அவருடைய அம்மாதான். டீயைக் குடித்துவிட்டு, "புள்ள காலேசுல ரெண்டாவது வருசமாமே? படிச்சது போதும்லா? எங்க வீட்ல பொம்பளையாளுகள வேலைக்கு அனுப்புற வழக்கமில்ல" என்றார்.

"அதெல்லாம் ஒரு விசயமா? நீங்க சொன்னா நிப்பாட்டிருவோம்" என்றார் அத்தா.

நோன்பு முடிந்ததும் நிக்காஹ் என்று பேசி முடித்தார்கள். கிளம்புகிற நேரத்தில்தான் அந்த அம்மாளின் கண் மரத்தின் மேல் விழுந்தது.

"அல்லா! எம்புட்டு அழகு! கடையில வாங்குனதா?"

"புடிச்சிருந்தா எடுத்துட்டுப் போங்க. இங்க சும்மாதான கெடக்கு" என்றார் அத்தா.

சும்மா கிடக்கிறதாம்! "அது என்னோடது" என்று கத்தினேன். அம்மா சிரித்த முகம் மாறாமல் என் தொடையைப் பிடித்துத் திருகினாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா தலைகுனிந்தபடி அசையாமல் இருந்தாள். மாப்பிள்ளை என் மரத்தைக் கூடையோடு தூக்கிக் காரில் வைத்தார்.

அன்றைக்கு நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டதும் டம்ளரைச் சுவரில் எறிந்ததும் உண்மைதான். அத்தா சமாதானத்துக்கு வந்தார். "எதுக்குட்டி அழுவுற? கடைக்கு வா, ஒடையாத புதுக் கூடையாவே தாரேன்" என்றார். நான் கூடைக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவர் பார்த்தது கூடையைத்தான். அவரோடு பேசுவதை நிறுத்தினேன். அம்மாவோடும் நிறுத்தினேன். எல்லாவற்றுக்கும் காரணம் அக்காவின் கல்யாணம்தான் என்பதால் அவளோடும் பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து, மாடியில் நான் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அக்காவே என்னிடம் வந்தாள். மாப்பிள்ளை அவளிடம் போனில் பேச வீட்டில் அனுமதி கொடுத்திருந்தார்கள்.

"ஏட்டி, ஒன் மரத்தப் பீங்கான் சட்டிக்கு மாத்திட்டாகளாம்."

பேசக்கூடாது என்ற வைராக்கியம் பறந்துவிட்டது. "சட்டியில ஓட்டை இருக்கா?"

"இல்லையாம். தரையில தண்ணி வடியக்கூடாதுன்னு ஓட்டையில்லாததாக் கேட்டு வாங்குனாகளாம். எல மஞ்சளா உதிருதுன்னு அவிய சொன்னாக." அக்கா துணியை மடித்தபடியே கேட்டாள்: "அப்படியே வச்சா எம்புட்டு நாள் தாங்கும்?"

"ஒரு வாரம்கூடத் தாங்காது. வேர் அழுகிரும்."

"வார சனிக்கிழம மத்தியானம் சொந்தக்காரவுகள்லாம் வாராகளாம். அம்புட்டுப் பேரும் வீட்லதான் இருப்பாக" என்றாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பள்ளிவாசலைத் தாண்டி மூன்றாவது தெரு, பச்சை கேட். அதையும் அவளே சொன்னாள். பர்ஸைத் திறந்து பஸ்ஸுக்குக் காசும் கொடுத்தாள். இந்த வீட்டில் என் பக்கம் ஓர் ஆளாவது இருக்கிறதே என்று நான் உருகிப்போனேன்.

சனிக்கிழமை, தோழி வீட்டுக்குப் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். உட்கார இடமிருந்தும் உட்காரவில்லை. போய் இன்னதைச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் எனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அது இன்னும் காரமானது.

பச்சை கேட்டுக்கு உள்ளே இருபது ஜோடி செருப்புக் கிடந்தது. முன்னறையில் சொந்தக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மரம் பிரிட்ஜுக்கு மேல், பூப்போட்ட வெள்ளைச் சட்டியில் இருந்தது. நான்கு இலை மிச்சம். சட்டியின் விளிம்பு வரைக்கும் தண்ணீர் தேங்கி நின்றது.

"அட, நம்ம பொண்ணோட தங்கச்சி! யாரு கூடம்மா வந்த?" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார்.

"மரத்த எடுத்துட்டுப் போக வந்தேன்."

அறை முழுக்கச் சிரித்தது. எங்கள் வீட்டில் கேட்ட அதே சிரிப்பு. அந்த நேரத்தில்தான் சமையலறைக் கதவு வழியாகப் பார்த்தேன். குழாய்க்குக் கீழே நீலக் கூடை. விளிம்பில் நான் தைத்த செம்புக் கம்பி. அதில் யாரோ அரிசி களைந்துகொண்டிருந்தார்கள்.

வழியெல்லாம் யோசித்து வைத்த ஒன்றுகூட வாயில் வரவில்லை. வந்தது வேறு.

"மரத்தக் கொன்னுட்டு அதோட கூடையில அரிசி களையுறீகளா? ஒங்களுக்கெல்லாம் அறிவிருக்கா?"

"வாயப் பாரேன்! ஒங்க அத்தா குடுத்துத்தானட்டி எடுத்துட்டு வந்தோம்?"

"மரம் எங்க அத்தாவோடது இல்ல, என்னோடது. என்னோடதுன்னு அன்னைக்கே சொன்னேன். நீங்க சிரிச்சீக. ஒருத்தரோட பொருள அவுககிட்டக் கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு திருட்டு."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, எல்லோருக்கும் கேட்கும்படி, "தங்கச்சியே இப்படின்னா அக்காக்காரி எப்படி இருப்பாளோ" என்றாள்.

அக்காவைக் குறைத்துப் பேசுகிறாள் என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க அக்காவ என்னன்னு நெனச்சீக? எங்க அக்கா என்னைய விட மோசம்!" என்றேன்.

நாற்காலி போட்டு ஏறிச் சட்டியோடு மரத்தை இறக்கினேன். சமையலறைக்குள் போய்க் கூடையைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டேன். அரிசி தரையெல்லாம் சிதறியது. யாரும் தடுக்கவில்லை. கேட்வரைக்கும் மாப்பிள்ளை மட்டும் பின்னாலேயே வந்தார். "ஆட்டோ புடிச்சுத் தரட்டாம்மா?" என்று கேட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மனிதர்மேல் எனக்குத் தனியாகக் கோபம் எதுவும் கிடையாது. அந்த வீட்டில் அவரையும் யாரும் எதையும் கேட்பதாகத் தெரியவில்லை.

நான் வீடு வந்து சேர்வதற்குள் போன் வந்துவிட்டது. வாசலிலேயே அத்தா கன்னத்தில் ஓர் அறை விட்டார். அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். மரத்தைக் கீழே வைக்காமல் வாங்கிக்கொண்டேன். மாடிக்குப் போய்ச் சட்டியைக் கவிழ்த்தால் வேரெல்லாம் கறுத்து, சாக்கடை வாடை அடித்தது. அழுகியதை வெட்டிவிட்டுக் கூடையில் திரும்ப நட்டேன். பிழைக்கவில்லை. கடைசி இலை உதிர்ந்த பிறகும் பத்து நாள் தண்ணீர் ஊற்றினேன். அதற்கு யார் பதில் சொன்னார்கள்? இன்றுவரை ஒருவர்கூட, 'உன்னைக் கேட்டிருக்க வேண்டும்' என்று என்னிடம் சொன்னதில்லை.

திங்கட்கிழமை அவர்கள் வீட்டிலிருந்து முடிவாகச் சொல்லிவிட்டார்கள், இந்தச் சம்பந்தம் சரிப்படாது என்று. "ஒரு செடிக்காக அக்கா வாழ்க்கையக் கெடுத்துட்டியேட்டி பாவி" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அத்தா, "சரி, அடுத்த எடம் அமையுற வரைக்கும் அவ காலேசுக்குப் போய்ட்டு வரட்டும்" என்றார்.

அம்மா சொன்னது எனக்குள் இறங்கிவிட்டது. மரத்துக்காகப் போனேனே தவிர, அக்காவின் கல்யாணம் நிற்கும் என்று நான் நினைக்கவேயில்லை. கோபமெல்லாம் வடிந்து முதல்முறையாகப் பயம் வந்தது. கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் போய் நின்றேன்.

"என்னாலதான் ஒன் கல்யாணம் நின்னுபோச்சு. மன்னிச்சிருக்கா."

அவள் நிமிராமல் துணியைப் பிழிந்தாள். அப்புறம், "அங்க ஒரு கெழவி என்னமோ கேட்டாளாமே? ஒண்ணுவிடாமச் சொல்லு" என்றாள்.

சொன்னேன்.

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

"எங்க அக்கா என்னைய விட மோசம்னு."

அக்கா ஈரத் துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். அவள் தோள் இரண்டும் குலுங்கின. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவளும் அழுகிறாள் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.