காஜா பேராங்கில் கப்பல்காரருக்கு ஓர் இலை

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த பின் வந்த முதல் போகியன்று தனியே மலாக்கா போய் வந்தேன். காரணம் ஒரு சொல். சிரம்பான் சந்தையில் எனக்குப் பழக்கமான கமலா, மலாக்காவில் காஜா பேராங் பகுதிச் செட்டி குடும்பத்துப் பெண்; பல தலைமுறைக்கு முன் வந்து, மலாயே வீட்டுமொழியாகிவிட்ட தமிழர்கள் அவர்கள். "போகிக்கு எங்க அம்மா வீட்ல செத்தவங்களுக்குப் படைக்கறப்ப, காப்பால்ல வந்தவருக்கும் இலை போடுவோம், நீங்களும் வாங்க" என்று மலாயில் சொன்னாள். காப்பால் என்றால் நம் கப்பல்தான்.

மூன்று வருஷமாக அந்தச் சொல்லை நான் வாயில் எடுப்பதில்லை. என் வீட்டுக்காரர் நாகப்பட்டினம் போகும் வழியில் காய்ச்சல் கண்டு கப்பலிலேயே இறந்தார். கடலில் இறக்கிவிட்டார்கள். எந்த நாள் என்று கடிதத்தில் இல்லை. திதி தெரியாவிட்டால் அமாவாசையில் கொடுக்கலாம் என்றார்கள். கொடுக்கப் பிள்ளை இல்லை. இதெல்லாம் கமலாவுக்குத் தெரியும்.

சிரம்பானில் காலை 7.10க்குப் பேருந்து. ஐம்பது மைல், இரண்டு வெள்ளி இருபது காசு. பக்கத்து இருக்கையில் பையை வைத்தேன். கடைசிவரை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. 9.40க்கு இறங்கி, அங்கிருந்து ஒன்றரை மைலுக்கு மூன்று சக்கர வண்டி, ஐம்பது காசு.

வண்டிக்காரர் தமிழர். "செட்டி வீட்டுக்கா? அவங்களுக்குத் தமிழ் தெரியாதும்மா. நீங்க பாட்டுக்குப் பேசி மானம் கப்பலேறிடப் போவுது!" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "கோவமா? சும்மா சொன்னேன் லா."

கலம், தோணி, நாவாய், வங்கம் என்று நம்மிடம் எத்தனை சொற்கள்! நானாகப் படித்த படிப்புதான் எனக்கு. மலாய்க்காரரின் காப்பால் நம்மிடமிருந்து போனது என்பதுவரை படித்திருக்கிறேன். அந்தக் கப்பல் எந்த வேரில் பிறந்தது என்பது மட்டும் எனக்குத் தெளிவாகக் கிடைக்கவில்லை.

கமலா வாசலுக்கு வந்து, "அக்கா!" என்றாள். அவளிடம் உள்ள தமிழ் ஏறக்குறைய அவ்வளவுதான், மற்றதெல்லாம் மலாய். கூடத்தில் வாழை இலைகள் வரிசையாக இருந்தன. முதல் இலை, இந்த ஊருக்கு முதலில் வந்தவருக்கு.

"பேர் என்ன?" என்றேன்.

"தெரியாது. ஓராங் காப்பால், கப்பல் ஆளு. அவ்ளோதான்."

"இறந்த நாள்?"

உள்ளேயிருந்து அவள் அண்ணன், "பேரே தெரியாது, நாளுக்கு எங்க போறது? பசிச்சா வந்துடுவாரு!" என்றார்.

கமலா அந்த இலைக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்றை விரித்தாள். "இது உங்க ஓராங் காப்பாலுக்கு. அவருக்கு என்ன பிடிக்கும்?"

அவரவருக்குப் பிடித்ததைத்தான் அங்கே படைக்கிறார்கள். நான் சைவம்; என் அடுப்பில் மீன் ஏறியதில்லை. பாயசம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் பதினெட்டு வருஷம் அவர் வெளியே கடைகளில் மீன் தின்று, வாய் கொப்பளித்துவிட்டு வீட்டுக்கு வந்தது எனக்குத் தெரியும். தெரியாததுபோல் இருந்துவிட்டேன்.

"மீன்" என்றேன். "மிளகாய்ச் சம்பல் போட்டுப் பொரிச்சது."

படைத்ததும் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். அது இறந்தவர்கள் வந்து சாப்பிடும் நேரமாம். பிறகு அந்தச் சோற்றை வீட்டார் சாப்பிட வேண்டும். நான் வெறும் சோறு எடுத்துக்கொண்டேன். மீனை அண்ணன் எடுத்து, முள்ளை ஒதுக்கி ஒதுக்கித் தின்றார். என் வீட்டுக்காரர் மீன் சாப்பிட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இவர் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பேருந்து மாலை 4.30க்கு. போக நினைப்பவர்கள் அந்த வீட்டார் அழைத்தால் மட்டும் போங்கள்; பத்து மணிக்குள் சேர்ந்துவிடுங்கள். திதி, கோத்திரம் எதுவும் வேண்டாம். இறந்தவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்பார்கள். என்னைப்போல் வெட்கமாக இருந்தாலும், உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.