வலப்பக்கக் கம்பம்

ஐஸ் ஹொக்கியில் கோல் காப்பவன் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது. மட்டையால் கோலின் இடது கம்பத்தில் ஒரு தட்டு, வலது கம்பத்தில் ஒரு தட்டு. அந்தச் சத்தத்தை வைத்தே தான் நிற்கும் இடத்தை அறிய வேண்டும். பன்னிரண்டு வருடம் அப்படித் தட்டித்தான் சம்பளம் வாங்கினேன். இப்போது ரொறன்ரோவில் ஒரு அணியின் கோல் காப்பவர்களுக்கு நான் கோச்.

எங்கள் முதல் கோல் காப்பவனும் என்னைப் போல இங்கே மல்வேர்ன் பகுதியில் வளர்ந்தவன். இருபத்தாறு வயது. ஒரு திங்கட்கிழமைப் பயிற்சியில், கல் மாதிரி உறைந்த ரப்பர் வட்டு அவனுடைய முகமூடியின் நெற்றியில் அடித்தது. விழுந்தான், எழுந்தான். "ஒண்டுமில்லை அண்ணை" என்று சிரித்தான். டொக்டர் அவனைக் கணினி முன் இருத்தி ஞாபகச் சோதனை வைத்தார். பருவத் தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் அதே சோதனை. அப்போது எடுத்த புள்ளியைவிடக் குறைந்தால் ஆட விடமாட்டார்கள். அவனுக்குக் குறையவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் இல்லை.

தொடக்கச் சோதனைக்கு முதல்நாள், கார் தரிப்பிடத்தில் அவனுக்குப் புத்தி சொன்னவன் நான்தான்.

"முதல்தரம் வேணுமெண்டே பிழையாச் செய். பிறகு மண்டையில அடிபட்டாலும் புள்ளி குறையாது. நானும் இப்பிடித்தான் சமாளிச்சனான்."

இந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.

நான் சமாளித்த லட்சணம் என் மனைவிக்குத் தெரியும். குசினி லைற்றைப் போட்டாலே தலையிடியில் எரிந்து விழுவேன். அவனுக்குப் புத்தி சொன்ன அடுத்த கிழமை, பிக்கரிங்கில் எங்கள் தெருவுக்குத் திரும்பும் சந்தியில், இடமா வலமா என்று தெரியாமல் காரை நிறுத்திவிட்டேன். "இடப்பக்கமப்பா" என்றாள் மெல்ல. வேறொன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் பயம்.

சனிக்கிழமை, ஆட்டம் தொடங்க இருபது நிமிடம். அவன் இடது கம்பத்தைத் தட்டினான், சத்தம் வந்தது. வலப்பக்கம் மட்டை காற்றில் போனது. மறுபடியும் காற்று. திரும்பிக் கம்பத்தைத் தேடினான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

வேலை போகும் என்று தெரிந்தே டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உடனே அவனை வெளியே எடுத்தார்கள். கையுறையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றான்.

"நீங்கள் சொன்னதைத்தானே அண்ணை செய்தனான்?"

"ஓம்."

"திங்கட்கிழமையிலயிருந்து அந்தக் கம்பம் எங்கையெண்டு தெரியேல்லை." அவனுடைய குரல் இறங்கியது. "அது திரும்பி வரும்தானே? உங்களுக்கு வந்ததுதானே?"

வெளியே காரில் மனைவி எனக்காகக் காத்திருந்தாள். அந்தச் சந்தியில் நின்ற நாளிலிருந்து அவள்தான் ஓட்டுகிறாள். அதை அவனுக்குச் சொன்னேன்.