சேதமில்லை என்று எழுதிய வீடு

“கண்டாவளை, ஐப்பசி மூன்றாம் வெள்ளி. ஏழாவது வீடு: கூரை உண்டு, சேதமில்லை.” அறுபதுகளின் தொடக்கத்தில், அரசாங்க எழுத்தராக இருந்தபோது, நான் எழுதிய குறிப்பு இது.

இடிமழையோடு வந்த காற்று கூரைகளைப் பிய்த்தெறிந்த மூன்றாம் நாள், கூரை வேயும் தென்னோலைக் கிடுகை நிவாரணமாகக் கொடுப்பதற்காகச் சேதம் பதியப் போனேன். சுற்றிவர வீடுகள் மொட்டையாக நிற்க, அந்த வீட்டில் மட்டும் கூரை இருந்தது. உள்ளே, பிறந்து ஒன்பது நாளான குழந்தை.

“இது எங்கட கிடுகில்லை ஐயா. குழந்தைக்காக அயலவை பறந்துபோன தங்கட கிடுகுகளைப் பொறுக்கியந்து வேய்ஞ்சு தந்தவை. திருப்பிக் குடுக்கவேணும்,” என்றாள் தாய்.

“ஏன் தங்கச்சி, கிடுகில பேர் எழுதிக் கிடக்கோ?” என்று சிரித்தேன். கண்ணால் கண்டதை மட்டுமே எழுதுகிறவன் என்ற பெருமை எனக்கு.

என் குறிப்பின்படி அந்த வீட்டுக்குக் கிடுகு வரவில்லை; வந்த நிவாரணம் மற்ற வீடுகளின் அரைக் கூரைக்குத்தான் போதுமாயிருந்தது. அயலவர் கேட்கமுன்னமே குழந்தையின் தகப்பன் தன் கூரையைப் பிரித்து அவரவர் கிடுகைக் கொடுத்துவிட்டார்.

கார்த்திகையில் மறுபடி போனேன். வீடு மொட்டையாக நின்றது. குழந்தை காய்ச்சலில் இறந்துவிட்டிருந்தது. தாய் எனக்குக் கதிரை எடுத்துப்போட்டாள்.

“இப்ப கண்ணுக்குத் தெரியுதுதானே ஐயா, எழுதுங்கோ.”

எழுதினேன். காய்ச்சல் வந்தது கூரையைப் பிரிக்கமுன்னமா, பிரித்த பிறகா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அது இன்றுவரை நான் உறுதிப்படுத்தாத விடயம்.