கூடையில் கட்டிய ரெக்கார்டர்

ஹட்டனில் நான் பாட்டுப் பதிவு செய்யும் அறையின் மேசை இழுப்பறையில் ஒரு சின்ன ரெக்கார்டர் கிடக்கிறது. முதுகில் தேயிலைக் கறை இன்னும் போகவில்லை. உள்ளே எதுவும் இல்லை, நானே அழித்துவிட்டேன். வெறும் கருவிதான் என்றாலும், இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் என் கை அதைத் தொடாமல் விலகித்தான் போகும். பயம்தான், வேறென்ன.

அதை மலைக்குக் கொண்டுபோனவர் என் அண்ணி. அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டத்தின் லய வரிசை வீட்டில் குடும்பத்தையும் என் திமிரையும் சேர்த்துத் தாங்கியவர் அண்ணிதான். அப்போது என் பாட்டைக் கேட்டவர்கள் எல்லாரும், “அப்புடியே இந்தியாவுல போட்ட பாட்டு மாதிரி இருக்கு” என்று பாராட்டினார்கள். எனக்கு அது பாராட்டாகவே படவில்லை. யாரும் கேட்டிராத, எனக்கே எனக்கான ஒரு சத்தம் வேண்டும் என்று பைத்தியம் பிடித்து அலைந்தேன். கடைசியில், கொழுந்து ஒடிகிற சத்தத்தையே தாளமாக்கலாம் என்று தோன்றியது. அண்ணியிடம் கேட்டதும் சிரித்துவிட்டார். “கொழுந்து ஒடிக்கிறதுல என்னா தம்பி பாட்டு இருக்கு? கண்டாக்கையா பாத்துட்டுக் கேட்டா என்னான்னு சொல்றது?” என்று, மலையில் வேலையை மேற்பார்க்கும் அவரை நினைத்துத் தயங்கினார். ஆனாலும் மறுநாள் காலையில், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன், கூடையின் விளிம்பில் அதை நூலால் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள் பத்து மணி போல மலையில் குளவிக் கூடு கலைந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களை லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முகம் வீங்கி, அண்ணிக்குக் கண் இருந்த இடமே தெரியவில்லை. அடுத்த நிரையில் பறித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காவைத் தேயிலைச் செடிக்கு அடியிலிருந்து தூக்கும்போதே உயிர் இல்லையாம். அண்ணியின் கூடையை யாரோ எங்கள் வாசலில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ரெக்கார்டர் சிவப்பு விளக்கோடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள், பக்கத்துச் சாவு வீட்டில் தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்தபோது, கதவைச் சாத்திவிட்டு அதைக் கேட்டேன். கொழுந்து ஒடிகிற சத்தம், பெண்களின் கேலிப் பேச்சு, பிறகு எங்கோ லொறி ஏறி வருவதுபோல ஓர் இரைச்சல். அது நெருங்கி, மைக்கின் மேலேயே வந்து உட்கார்ந்தது. யாரோ அலறினார்கள். ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது; எறிந்த அந்தக் கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் தேடிய சத்தம் இதுதான் என்று. அலறலுக்கு முந்திய இரைச்சலை மட்டும் வெட்டி எடுத்தேன். மிச்சத்தைக் கேட்கவும் பயமாக இருந்தது, வைத்திருக்கவும் பயமாக இருந்தது. கம்ப்யூட்டரிலும் ரெக்கார்டரிலும் முழுதாக அழித்தேன்.

ஹட்டனில் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் வைத்து அந்த இரைச்சலை மெதுவாக்கி, கனமாக்கி, பாட்டின் அடியில் ஓடவிட்டேன். கேட்ட சிநேகிதர்கள் மறுபடி மறுபடி போடச் சொன்னார்கள். அண்ணி தேறி வீடு திரும்பிய பிறகு, தோட்டத்துத் திருவிழாவில் நட்டநடுப் பகலில் ஸ்பீக்கரில் போட்டேன். கால் நிமிடம்கூட ஆகவில்லை. கோயில் வாசலில் நின்ற பெண்கள் ஒரே நேரத்தில் முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு தரையில் குப்புற விழுந்தார்கள். குளவி வந்தால் ஓடாமல் அசையாமல் படுக்க வேண்டும் என்பது அவர்கள் உடம்புக்கே தெரியும். கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை, என் பாட்டைத் தவிர. அண்ணி மட்டும் நின்றபடியே ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன்.

அடுத்த வாரம் அண்ணி பஸ் ஏறி ஹட்டனுக்கு என் அறைக்கே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“அன்னிக்குப் புடிச்சது முழுசா இருக்கா தம்பி?” என்று கேட்டார். “குப்புறப் படுத்துக்கிட்டே, பெரட்டுல கூப்புடுற மாதிரி ஒவ்வொருத்தி பேரா நான் கூப்புட்டேன். எல்லாரும் ‘இருக்கேன்’னாங்க. பக்கத்து வீட்டுக்காரி பேரச் சொன்னப்பவும் ஒரு கொரல் கேட்ட மாதிரி இருந்துச்சு. அவதானா, இல்ல எனக்குத்தான் அப்புடித் தோணுச்சான்னு தெரியல. அவ பதில் சொல்லியிருந்தா நான் ஊந்தாவது போயிருக்கணும்ல? தூக்கமே வர்றதில்ல தம்பி. அந்த எடத்த மட்டும் போடுங்க.”

அழித்துவிட்டேன் என்று சொன்னேன். அண்ணி கோபப்படவில்லை. மேசையில் கிடந்த ரெக்கார்டரையே கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்ப இனிமே யாருகிட்டயும் கேக்க முடியாது” என்றார். தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அந்தப் பாட்டை நான் வெளியிடவில்லை. இப்போது மற்றவர்களின் பாட்டுகளைப் பதிவு செய்துகொடுக்கிறேன். இந்தியாவில் போட்ட மாதிரியே இருக்கிறது என்கிறார்கள். சரி என்று கேட்டுக்கொள்கிறேன். அண்ணி இன்றும் அதே மலையில்தான் கொழுந்து பறிக்கிறார். போன வாரம் ஒரு வயரைத் தேடியபோது கை ரெக்கார்டர்மேல் பட்டுவிட்டது. ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். ‘இருக்கேன்’ என்ற ஒரு சொல் அதில் இருந்ததா, இல்லையா? இல்லை என்று தெரிந்திருந்தால் அண்ணி தூங்கியிருப்பார்.